அறுபத்தொரு வருட விடுப்பு

ஜூலை 6

உயர்நிலைப் பள்ளி சேவை மன்றத்தின் செயலாளருக்கு,

உங்கள் மன்றத்து மாணவர்கள் மீது நான் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியதாகத் தெருமுனைப் பழக்கடைக்காரர் முதல் தபால்காரர் வரை பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. நான் என் வாசற்படியைக் கழுவினேன். அப்போது அவர்கள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. மேலும், அது முக்கால் வாளிதான்.

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். சென்ற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஏழு பேர் வந்தார்கள். கையில் ஒரு துணிப் பதாகை: "தனிமையில் வாடும் முதியோர் வாழ்வில் ஒலியேற்றுவோம்." வாடுவதற்கு நான் கீரைக்கட்டு அல்ல. ஒளியை ஒலி என்று எழுதியிருந்தது பிழை என்று முதலில் நினைத்தேன். அவர்கள் போட்ட சத்தத்தைக் கேட்டபின், தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்கள் என்று முடிவுசெய்தேன்.

கழுத்தில் கேமரா தொங்கவிட்டிருந்த பையன், "கொஞ்சம் சோகமா இருங்க பாட்டி, அப்பத்தான் படம் நல்லா வரும்" என்றான். நான் யாருக்கும் பாட்டி அல்ல. எனக்குப் பிள்ளைகள் இல்லை. சோகமாக இருக்க வேண்டுமென்றால் எனக்குத் தோன்றும்போது இருந்துகொள்வேன்.

பிறகு என் சன்னல்களைத் துடைத்தார்கள். நானும் என் கணவரும் நாற்பது வருடம் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தியவர்கள். கண்ணாடியைத் துடைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அவர்கள் துடைத்து முடித்தபோது எதிர்வீட்டு மாடி எனக்கு இரண்டாகத் தெரிந்தது. என் புத்தகங்களை உயரம் பார்த்து அடுக்கிவிட்டும் போயிருக்கிறார்கள். அகராதியின் இரண்டாம் தொகுதி இப்போது தையல் புத்தகத்தின் தோளில் சாய்ந்து நிற்கிறது.

உங்கள் பட்டியலில் ஒன்பதாம் எண்ணுக்கு நேரே என்னைப் "பயனாளி" என்று குறித்திருக்கிறீர்கள். நான் அப்படி எதுவும் அல்ல. என் பெயரை அடித்துவிடவும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் எண்


ஜூலை 10

மதிப்பிற்குரிய அம்மா,

மன்ற உறுப்பினர்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அன்று எனக்குக் கணக்குத் தேர்வு இருந்ததால் நான் வரவில்லை. வந்திருந்தால் பதாகையையாவது படித்துப் பார்த்திருப்பேன். கேமராக்காரனை நாங்கள் எல்லோரும் ஒருமுறை திட்டிவிட்டோம். "அவங்க முகம் கோபத்துலயும் நல்லாத்தான் இருந்துச்சு" என்கிறான்.

உங்கள் பெயரை அடித்துவிட நான் தயார். ஆனால் ஒரு சிக்கல். வருகைத் தாளில் நீங்கள் கையெழுத்தை இடம் மாற்றிப் போட்டுவிட்டீர்கள். "சேவை பெற்றவர்" என்ற கட்டத்தில் போடவேண்டியது, "சேவை செய்தவர்" கட்டத்தில் இருக்கிறது. எதிரே "இரண்டு மணி நேரம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். சேவை பெற்றவர் கட்டத்தில் எங்கள் ஏழு பேர் பெயரும் இருக்கின்றன, உங்கள் கையெழுத்தில், எழுத்துப் பிழைகள் திருத்தப்பட்டு.

இதைப் பார்த்த பொறுப்பாசிரியர், "அந்த அம்மா வீட்டுப் பக்கம் இனிமே ஒருத்தரும் தலைவச்சுப் படுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் நேரில் வராமல் எழுதுகிறேன். புதிய தாள் ஒன்றை இணைத்திருக்கிறேன். சரியான கட்டத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், ஏழு பேருடைய உழைப்பும் வீணாகாது. எங்களுக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் பையன், நீங்கள் அவன் சட்டைப் பொத்தானைத் தைத்துக் கொடுத்ததை இன்னும் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறான்.

அன்புடன்,
செயலாளர்


ஜூலை 13

செயலாளருக்கு,

நான் எதையும் இடம் மாற்றிப் போடவில்லை. அன்று யார் யாருக்குச் சேவை செய்தார்கள் என்று நீங்களே பாருங்கள். நெட்டையின் பொத்தானைத் தைத்தது நான். ஏழு பேருக்கும் எலுமிச்சைச் சாறு கலந்து கொடுத்தது நான். இரட்டைச் சடைப் பெண் ஒருத்தி கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். அவள் கண்ணாடியின் பவர் போதவில்லை, அம்மாவிடம் சொல் என்று சொல்லி அனுப்பியது நான். அவர்கள் போனபின் சன்னல்களை மறுபடி துடைத்ததும் நான்தான். அதை இரண்டு மணி நேரத்தில் சேர்க்கவில்லை.

நடக்காத ஒன்றுக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை. தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இரட்டைச் சடைப் பெண் கண் பரிசோதனைக்குப் போனாளா என்று தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் எண்


ஜூலை 29

மதிப்பிற்குரிய அம்மா,

போனாள். புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாள். கரும்பலகையில் இத்தனை எழுதுகிறார்களா என்று கேட்கிறாள்.

இப்போது நான் எழுதப்போவதைப் படித்து நீங்கள் கோபப்படலாம். ஆனாலும் சொல்லவேண்டும்.

ஒரு மன்றத்தில் பதினைந்து உறுப்பினர்களாவது இருக்கவேண்டும், இல்லாவிட்டால் டிசம்பரோடு கலைத்துவிடுவோம் என்பது மாவட்ட அலுவலகத்தின் விதி. எங்களில் ஒருவன் கால்பந்துக்குப் போய்விட்டான். மீதி பதினான்கு பேர். சேர்க்கைக் காலமும் ஜூன் மாதத்தோடு முடிந்துவிட்டது, இனி ஜனவரியில்தான். ஆனால் நேற்று மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: "சுறுசுறுப்பான பதினைந்து உறுப்பினர்களுக்கும் வாழ்த்துகள்." நீங்கள் முதலில் கையெழுத்திட்ட தாளையும் சேர்த்து நாங்கள் அனுப்பியிருந்த தாள்களில் "சேவை செய்தவர்" கட்டத்தில் இருந்த கையெழுத்துகளை எண்ணியிருக்கிறார்கள். பதினைந்தாவது கையெழுத்து உங்களுடையது.

பொறுப்பாசிரியர், "தானா வந்ததைத் தள்ளிவிடுவாங்களா? பேசாம இரு" என்கிறார். என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. சொன்னால்தான் பொய்யா, சொல்லாமல் இருந்தாலும் பொய்தானே. வெள்ளிக்கிழமை மாவட்ட அலுவலகத்துக்கு உண்மையை எழுதிவிடப் போகிறேன். உங்கள் பெயர் சம்பந்தப்பட்டிருப்பதால் முதலில் உங்களுக்குச் சொல்கிறேன். சரிபார்க்க விரும்பினால் என்று விதிப் புத்தகத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

மன்றம் போனால் என்ன போகும் என்று எங்கள் வீட்டில் கேட்டார்கள். எனக்குப் பேச்சு திக்கும், அம்மா. வகுப்பில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் யாராவது எனக்காக முடித்துவைத்துவிடுவார்கள், பெரும்பாலும் தப்பாக. மன்றத்தில் மட்டும் அப்படிச் செய்வதில்லை. நான் முடிக்கும்வரை காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் கேமரா தன் பாட்டுக்கு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பான். எனக்குப் போவது அதுதான்.

அன்புடன்,
செயலாளர்


ஆகஸ்ட் 1

செயலாளருக்கு,

வெள்ளிக்கிழமை எதுவும் எழுதவேண்டாம்.

விதிப் புத்தகத்தை முழுவதும் படித்தேன். இருபத்துநான்கு பக்கம், பத்தொன்பது எழுத்துப் பிழைகள். நான்காம் விதியில் பிழை இல்லை. அது சொல்வது: "உறுப்பினர் என்பவர், இப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பெயருள்ள, விடுகைச் சான்றிதழ் பெற்றுச் செல்லாத மாணவர்." வயதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

இப்போது பையன்களும் படிக்கிற உங்கள் பள்ளி, என் காலத்தில் சிஸ்டர்கள் நடத்திய பெண்கள் கான்வென்ட். நான் அங்கே பதினோரு வருடம் படித்தேன். இறுதி வகுப்பில், பிப்ரவரி மாதம், தலைமை மதர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார். ஒழுக்கத்தைப் பற்றிய அறிவிப்பு. அதில் "ஒளுக்கம்" என்று இருந்தது. நான் சிவப்புப் பென்சிலால் திருத்தினேன். மதர் மன்னிப்புக் கடிதம் கேட்டார். மன்னிப்புக் கேட்கவேண்டியது பிழை செய்தவரா, திருத்தியவரா என்று நான் கேட்டேன். "கடிதத்தோடு வா, இல்லாவிட்டால் வராதே" என்றார்.

நான் போகவில்லை. சான்றிதழும் வாங்கவில்லை. இது நடந்து அறுபத்தொரு வருடம் ஆகிறது.

என் சேர்க்கை எண் 914. பதிவேட்டைப் பாருங்கள். என் பெயர் அடிக்கப்பட்டிருந்தால் நீங்கள் மாவட்டத்துக்கு உண்மையை எழுதுங்கள், தபால்தலை நானே தருகிறேன். அடிக்கப்படவில்லை என்றால் நான் இன்னும் அந்தப் பள்ளியின் மாணவி. அப்போது உங்களிடம் இருப்பது பதினைந்து பேர், அதில் பொய் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
சேர்க்கை எண் 914


ஆகஸ்ட் 9

மதிப்பிற்குரிய அம்மா,

அலுவலக எழுத்தரிடம் போய்க் கேட்டேன். "அறுபது வருஷத்துக்கு முந்தின பதிவேடா? எலியைத்தான் கேக்கணும்" என்றார். ஆனால் சாவியை எடுத்துக்கொண்டு அவரும் கூடவே வந்தார். பழைய ஆவண அறையில் மூன்று நாள் மதிய இடைவேளையில் தேடினோம். நெட்டைக்கு ஏணி தேவைப்படவில்லை. உடைந்த உலக உருண்டைக்குக் கீழே பதிவேடு இருந்தது.

914. உங்களுக்கு மேலேயும் கீழேயும் எல்லாப் பெயர்களும் சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்டு, சான்றிதழ் கொடுத்த தேதி எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் பெயரின் மேல் கோடு இல்லை. குறிப்பு என்ற இடத்தில் ஊதா மையில் ஒரே ஒரு சொல்: "வரவில்லை." எழுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "என் சர்வீஸ்ல இவ்வளவு நீளமான ஆப்சென்ட் பார்த்ததில்ல" என்றார்.

பதிவேட்டையும் விதிப் புத்தகத்தையும் தலைமையாசிரியையிடம் கொண்டுபோனோம். விஷயத்தை நான்தான் சொன்னேன். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. அவர் காத்திருந்தார். பிறகு நான்காம் விதியை மூன்று தடவை படித்தார். சிரித்த சிரிப்பில் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னார்: "மாணவிதான். மறுக்க முடியாது. ஆனா இத்தனை நாள் வராததுக்கு லீவ் லெட்டர் எங்கே? லீவ் லெட்டர் இல்லாம நான் யாரையும் உள்ள விடுறதில்ல."

விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
செயலாளர்


ஆகஸ்ட் 12

செயலாளருக்கு,

நிஜமாகத்தான் சொல்லியிருக்கிறார், சரியாகவும் சொல்லியிருக்கிறார். இத்துடன் இருப்பதை அவரிடம் சேர்ப்பிக்கவும். நீங்கள் படித்துப் பார்க்கலாம்.

*

அனுப்புநர்: சேர்க்கை எண் 914, இறுதி வகுப்பு, ஆ பிரிவு
பெறுநர்: தலைமையாசிரியை அவர்கள்
பொருள்: அறுபத்தொரு வருட விடுப்பு வேண்டுதல்

மதிப்பிற்குரிய அம்மையீர்,

முதல் நான்கு நாட்கள் கோபத்தால் பள்ளிக்கு வர இயலவில்லை. ஐந்தாம் நாள் சீருடை அணிந்து, சடை பின்னி, யாராவது கூப்பிட வருவார்கள் என்று முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம்வரை ஒருவரும் வரவில்லை. அந்த ஒரு நாளை விடுப்பில் சேர்க்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்று நான் வரத் தயாராக இருந்தேன்.

கல்லூரியில் விடுகைச் சான்றிதழ் கேட்டார்கள். என் தகப்பனார், "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்தா குறைஞ்சா போயிடுவே?" என்றார். குறைந்துபோவேன் என்றுதான் அப்போது நினைத்தேன். கல்லூரி இல்லாமல் போயிற்று. கல்யாணம் ஆயிற்று. ஆறு வருடம் மாமியார் வீட்டுச் சமையலறை. அங்கே விடுப்பு என்ற சொல்லே வழக்கத்தில் இல்லை.

பிறகு நாற்பது வருடம் மூக்குக்கண்ணாடிக் கடை. பள்ளி நேரமும் கடை நேரமும் ஒன்றாக இருந்தபடியால் வர இயலவில்லை. என் கணவர் கண்ணாடியைத் தேய்த்துப் பொருத்துவார். நான் எழுத்துப் பலகையைக் காட்டிப் பார்வை பார்ப்பேன். ஓட்டுநர் வேலைக்குப் போகிறவர்கள் கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள் என்பதால் மாதம் ஒருமுறை எழுத்துகளை மாற்றி எழுதுவேன். வேறு யாரும் அதைச் செய்யமாட்டார்கள். ஆகவே ஒரு நாள்கூட விட முடியவில்லை.

அடுத்த ஆறு வருடம் என் கணவருக்கு உடல்நலமில்லை. அவரைத் தனியே விட்டுவர மனமில்லை.

அவர் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. இந்த ஒன்பது வருடங்களுக்கு என்னிடம் தகுந்த காரணம் எதுவும் இல்லை. பள்ளி என் வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. வந்திருக்கலாம்.

அறிவிப்பைத் திருத்தியது பற்றி: பிழை பிழைதான். ஆனால் சிவப்புப் பென்சில் தேவையில்லை. சாதாரணப் பென்சிலே போதும்.

மேற்கண்ட நாட்களுக்கு விடுப்பு அளித்து, வரும் சனிக்கிழமை முதல் நான் வர அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். இத்தகைய கடிதங்களைத் "தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி" என்று முடிப்பது மரபு. உண்மைக்கு மாறாக எழுத விருப்பமில்லை. ஆகையால்,

தங்கள் மாணவி


செப்டம்பர் 15

பதினைந்தாம் உறுப்பினருக்கு,

இது செயலாளர் என்ற முறையில் எழுதும் கடிதம். அதனால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும்.

முதலில் நல்ல செய்தி. பதிவேட்டுப் பக்கத்தின் பிரதியோடு நான் எழுதிய கடிதத்தை மாவட்ட அலுவலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. "விதிப்படி சரியே" என்று ஒரே வரியில் பதில். இன்னொன்று, உங்கள் விடுப்புக் கடிதத்தின் மேல் தலைமையாசிரியை எழுதிய "அனுமதிக்கப்பட்டது, இனி முன்கூட்டியே தெரிவிக்கவும்" என்ற வரி உங்கள் முன்கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருப்பதாக நெட்டை சொன்னான். தடை இருக்கும்போது அவன் உங்கள் முன்கூடத்துக்கு எப்படி வந்தான் என்று நான் கேட்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடமாகத் தூசி படிந்து கிடந்த, நன்கொடையாக வந்த பழைய மூக்குக்கண்ணாடிகளை நீங்கள் நான்கே சனிக்கிழமைகளில் பவர் வாரியாகப் பிரித்து முடித்தீர்கள். மேசையில் ஒரு கோடு கிழித்து, அதன்மேல் ஒவ்வொரு கண்ணாடியாகப் பிடித்து அசைத்து, கோடு கூடவே நகர்ந்தால் மைனஸ், எதிர்ப்பக்கம் நகர்ந்தால் பிளஸ் என்று நீங்கள் சொல்லச் சொல்ல, நாங்கள் சீட்டு ஒட்டினோம். நேற்றுச் சந்தை முகாமில் நூற்று முப்பத்தொரு பேர் அவற்றைப் போட்டுக்கொண்டு போனார்கள். பூக்காரம்மா ஊசியில் நூல் கோத்துவிட்டு, மறுபடி உருவி, மறுபடி கோத்துப் பார்த்ததை எங்களில் யாரும் மறக்கமாட்டோம்.

இப்போது மற்றது. காய்கறி வண்டிக்காரர் பெரிய கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி ஒன்றைக் கேட்டார். நீங்கள் அவருக்குத் தூரப் பார்வை, கிட்டப் பார்வை இரண்டும் பார்த்தீர்கள். பிறகு வரிசையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னீர்கள்: "கடைசி வரி வரைக்கும் படிச்சாச்சு. கண்ணு கழுகு மாதிரி இருக்கு. இங்கே என்ன, ஃபிரேம் ஆசையா?" எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, வெறுங்கையோடு போய்விட்டார்.

நாங்கள் உங்களைப் பயனாளி என்று எழுதியபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று நீங்கள் எனக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினீர்கள். அவருக்கு அப்படி எழுத வராமல் இருக்கலாம்.

பன்னிரண்டாம் விதிப்படி, முகாமுக்கு வருபவரைக் கேலி செய்யும் உறுப்பினருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை தரவேண்டும். இது அந்த எச்சரிக்கை. இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். ஆனாலும் அனுப்புகிறேன்.

செயலாளர்


செப்டம்பர் 18

செயலாளருக்கு,

எச்சரிக்கை கிடைத்தது. அதில் இரண்டு பிழைகள் இருந்தன. திருத்தவில்லை.

மூன்று நாளாகக் காய்கறி வண்டியைத் தேடி, இன்று காலை தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வேகமாகப் போனார். என் முழங்காலுக்கு அது நியாயமில்லை. "நில்லுங்க, திட்ட வரல" என்று நான் கூவவேண்டியதாயிற்று. நின்றார்.

"நீங்க சொன்னது நிஜந்தாம்மா" என்றார். "கண்ணுல ஒரு குறையும் இல்ல. பொண்ணு படிக்கிற பள்ளிக்கூடத்துல பெத்தவங்களைக் கூப்பிட்டிருக்காங்க. எல்லாரும் நல்லா உடுத்திட்டு வருவாங்க. ஒரு கண்ணாடி போட்டா நாலு எழுத்து படிச்சவன் மாதிரி இருக்குமேன்னு பார்த்தேன்."

நாற்பது வருடம் கண்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி எதற்கு வேண்டும் என்று ஒருவரையும் கேட்டதில்லை.

அந்தக் கறுப்புச் சட்டத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். என் கணவரின் இழுப்பறையில் பவர் இல்லாத வெறும் கண்ணாடிகள் இருந்தன. இரண்டைத் தேய்த்துப் பொருத்தியிருந்தேன். போட்டுப் பார்த்தார். கல்லூரி முதல்வர் மாதிரி இருந்தார். அப்படியே சொன்னேன். எனக்கு இரண்டு கிலோ கத்தரிக்காய் தர வந்தார். விதிப்படி வாங்கக் கூடாது என்பதால் ஒரு கிலோ மட்டும் வாங்கிக்கொண்டேன். இதற்கும் எச்சரிக்கை உண்டென்றால் அனுப்பவும்.

பதினைந்தாம் உறுப்பினர்


நவம்பர் 20

அன்புள்ள அம்மா,

இதை நான் எழுதியதாக யாரிடமும் சொல்லவேண்டாம். இது ரகசியம், நான் அதை உடைக்கிறேன்.

டிசம்பர் ஐந்தாம் தேதி பள்ளி ஆண்டு விழாவில் உங்களை மேடைக்கு அழைக்கப் போகிறார்கள். உங்கள் விடுகைச் சான்றிதழை எழுத்தர் இரண்டு நாள் உட்கார்ந்து முத்து முத்தாக எழுதியிருக்கிறார். தலைமையாசிரியை அதற்குச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார். சிறப்பு விருந்தினர் கையால் கொடுக்கப்போகிறார்கள். உங்களை ஆச்சரியப்படுத்தவேண்டுமாம். அழைப்பிதழ் எழுதும்போது எனக்குத் தெரிந்தது. எல்லோரும் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள். நான்காம் விதி ஒருவருக்கும் ஞாபகமில்லை.

சான்றிதழ் வாங்கிவிட்டால் நீங்கள் மாணவி இல்லை. நாங்கள் பதினான்கு பேர். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மன்றம் இல்லை.

தலைமையாசிரியையிடம் போய்ச் சொல்லலாம் என்று இரண்டு தடவை கதவுவரை போனேன். சொன்னால் அதைக் கொடுக்காமல் நிறுத்திவிடுவார். உங்களுக்குச் சேரவேண்டியதை உங்களைக் கேட்காமல் தடுத்தவள் நானாகிவிடுவேன். அதனால் சொல்லவில்லை.

வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. அறுபத்தொரு வருடம் உங்களுக்கு வராதது அது. நாங்கள் வேறெங்காவது கூடிக்கொள்வோம்.

அன்புடன்,
நான்தான்


நவம்பர் 22

நீ எழுதியது கிடைத்தது.

எனக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். வேண்டாம் என்று உன்னிடம் நடிக்கமாட்டேன். கடை திறந்த வருடம் என் கணவர் கல்லாவுக்கு மேலே ஓர் ஆணி அடித்தார். "நீ எப்பவாவது பட்டம் வாங்கிட்டு வருவே, அப்ப மாட்டணும்ல" என்றார். அதில் நாற்பது வருடம் நாள்காட்டி தொங்கியது. ஆணியைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. ஐந்தாம் தேதி மேடையில் தெரிந்துகொள்வேன். நீ முன்வரிசையில் உட்காராதே. உன் முகத்தைப் பார்த்து முடிவெடுத்தேன் என்று ஆகக்கூடாது.

பதினைந்தாம் உறுப்பினர்


டிசம்பர் 7

அன்புள்ள அம்மா,

நீங்கள் சொன்னபடியே கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சிறப்பு விருந்தினர் சான்றிதழை நீட்டினார். நீங்கள் கண்ணாடியை மேலே தள்ளி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தீர்கள். ஒரு தப்பும் கண்டுபிடிக்கமாட்டாரா என்று நெட்டை முணுமுணுத்தான். நீங்கள் அதை விருந்தினரிடமே திருப்பிக் கொடுத்து, "எழுத்து ரொம்ப அழகா இருக்கு. ஆனா எனக்கு இன்னும் படிப்பு முடியல" என்று சொல்லிவிட்டு இறங்கி, நேரே வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

அதற்குப் பின் நடந்தது உங்களுக்குத் தெரியாது. விருந்தினருக்கு என்ன செய்வதென்று புரியவில்லை; அடுத்து வந்த நீளம் தாண்டுதல் முதல் பரிசுக்காரனிடம் உங்கள் சான்றிதழைக் கொடுத்துவிட்டார். அவனும் கைகுலுக்கி வாங்கிக்கொண்டு போய்விட்டான். எழுத்தர் திரைக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து அவனைத் துரத்திப் பிடுங்கினார். அதற்குள் தலைமையாசிரியைக்கு நான்காம் விதி ஞாபகம் வந்துவிட்டது. ஒலிபெருக்கி முன்னால் வந்து, பதிவேடு, ஊதா மை, பதினைந்து, எல்லாவற்றையும் சொன்னார். சொல்ல முடியாமல் நடுவில் இரண்டு தடவை சிரித்தார். பெற்றவர்கள், பிள்ளைகள், சமையற்காரர் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். யாருக்குத் தட்டுகிறோம் என்று பார்த்தால் நீங்கள் அங்கே இல்லை. கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கும் உங்கள் முதுகைத்தான் கேமரா எடுத்திருக்கிறான். முதுகிலேயே சந்தோஷம் தெரிகிறது என்கிறான்.

மன்றம் இருக்கிறது, அம்மா. ஜனவரியில் சேர இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எழுத்தர் சான்றிதழைப் பூட்டி வைத்திருக்கிறார். "எப்ப வேணும்னாலும் வந்து வாங்கிக்கட்டும். அவங்களுக்கு அவசரம் கிடையாதுன்னு எனக்குத் தெரியும்" என்கிறார்.

புதிய பொறுப்பாளர் தேர்தல் ஜனவரி ஒன்பதாம் தேதி. மனுவுக்குக் கடைசி நாள் டிசம்பர் இருபது. என்னைத் தலைவர் பதவிக்கு நிற்கச் சொல்கிறார்கள். தலைவர் ஒவ்வொரு கூட்டத்திலும் பேசவேண்டும், இனிமேல் முப்பத்தேழு பேர் முன்னால். நான் மறுபடி செயலாளராகவே இருந்துவிடுகிறேன். எழுதுவது எனக்கு வரும்.

அன்புடன்,
செயலாளர்


டிசம்பர் 9

அன்புள்ள செயலாளருக்கு,

செயலாளர் பதவிக்கு நீ நிற்கலாம், ஆனால் தோற்றுப்போவாய். அந்தப் பதவிக்கு நான் நிற்கிறேன். மனு இத்துடன் இருக்கிறது. நெட்டை முன்மொழிந்திருக்கிறான். இரட்டைச் சடைப் பெண் வழிமொழிந்திருக்கிறாள். அவளுக்குப் படிவம் நன்றாகவே தெரிந்தது. எனக்கு நேரம் நிறைய இருக்கிறது, முப்பத்தேழு வீட்டுக்கும் நடந்து போவேன். காய்கறி வண்டிக்காரர் தெருத்தெருவாக எனக்காகக் கூவுவதாகவும் சொல்லியிருக்கிறார். அவருக்கு வாக்கு இல்லை என்று சொன்னேன். குரல் இருக்கிறதே என்கிறார்.

ஆகவே உனக்கு மிச்சமிருப்பது தலைவர் பதவி. அதற்கும் ஒரு மனுவை நிரப்பி வைத்திருக்கிறேன். முன்மொழிபவர் நான். கேமராவும் தலைவர் பதவிக்கு நிற்பதாக இருந்தானாம். நேற்று வந்து, "அவ நின்னா நான் நிக்கல" என்று சொல்லி உன் மனுவை வழிமொழிந்துவிட்டுப் போனான். உன் கையெழுத்து மட்டும் பாக்கி.

நீ பேசினால் நேரமாகும் என்பது உண்மை. கூட்டத்தில் பேசுவதையெல்லாம் நான் ஒரு சொல் விடாமல் எழுதவேண்டும். என் விரல்கள் முன்போல் ஓடுவதில்லை. கேமரா தலைவனானால் அவன் பேசும் வேகத்தில் பாதியைத்தான் நான் எழுதுவேன், பிறகு குறிப்பேட்டில் பாதி மன்றம்தான் இருக்கும். எனக்கு மெதுவாகப் பேசும் தலைவர் தேவை. இதைச் சலுகையாகக் கேட்கவில்லை, வேலைக்கு வேண்டியிருப்பதால் கேட்கிறேன்.

யோசித்துப் பார். பார்த்தபின் கையெழுத்துப் போடு. இரண்டு மனுக்களும் ஏற்கப்பட்டனவா என்பதை இருபதாம் தேதிக்குள் எழுத்து மூலம் எனக்குத் தெரிவிக்கவும்.

பதினைந்தாம் உறுப்பினர்